ஸ்டீரியோ ஊமையாகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில், நாற்பது வயதான ஒரு ரிசீவரையும் (ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்ளிஃபையர்) அதைவிட மூத்த இரண்டு ஸ்பீக்கர்களையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன். "ஸ்டீரியோ பாடவில்லை, கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா?" என்று அக்கம்பக்கத்தார் கூப்பிட்டுக் கூப்பிட்டே இந்த வேலை கைக்குப் படிந்துவிட்டது. அப்படிப் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் எதுவும் கெட்டுப்போயிருக்கவில்லை. ஒரு பொத்தான் அழுந்தியிருந்தது, ஒரு வயர் நழுவியிருந்தது, அல்லது உப்புக்காற்று ஒரு இணைப்பைத் தின்றிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விளக்கு எரிகிறது. எதைப் போட்டாலும் சத்தமே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நடுவிலிருந்து. பலரும் செய்கிற தவறு, பதற்றத்தில் பின்னால் இருக்கும் எல்லா வயரையும் பிடுங்கிவிடுவது. பிறகு எது எங்கே இருந்தது என்று தெரியாமல், ஒரு கோளாறு மூன்று கோளாறாகிவிடும். வயரைத் தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்கிறோம்? மாடிக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறோம். தொட்டி நிறைந்திருந்தால் கோளாறு கீழே குழாயில். காலியாக இருந்தால் மோட்டாரில், அல்லது சம்ப்பில். ஒரே பார்வையில் பாதி வீடு கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. ஸ்டீரியோவும் அப்படித்தான். சிடி பிளேயரோ டிவியோ செல்போனோ சம்ப். ஆம்ப்ளிஃபையர் மோட்டாரும் தொட்டியும். ஸ்பீக்கர் குழாய்.

தொட்டியை எட்டிப் பார்க்கும் வேலையை ஹெட்ஃபோன் செய்யும். ஒலியளவைக் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் இருக்கும் துளையில் ஹெட்ஃபோனைச் செருகுங்கள். மெதுவாகக் கூட்டுங்கள். பாட்டுக் கேட்கிறதா? அப்படியானால் சிடி பிளேயர், கேபிள், ஆம்ப்ளிஃபையரின் பெரும்பகுதி எல்லாம் நலம். பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் அதே பவர் பகுதியிலிருந்துதான் ஹெட்ஃபோனுக்கும் சிக்னல் போகிறது. மிச்சமிருப்பது ஸ்பீக்கர் சுவிட்சும், வயரும், ஸ்பீக்கரும்தான்.

ஹெட்ஃபோனிலும் கேட்கவில்லையா? தேர்வுக் குமிழை எஃப்எம் பக்கம் திருப்புங்கள். ரிசீவருக்குள்ளேயே இருக்கும் டியூனருக்கு, அதாவது ரேடியோ பகுதிக்கு, வெளியிலிருந்து எந்தக் கேபிளும் தேவையில்லை என்பதுதான் அதன் அருமை. 101.4, 98.3, 93.5 என்று நம் ஊரில் வலுவான நிலையங்கள் இருக்கின்றன. ஆன்டெனாவுக்குப் பதில் இரண்டடி வயர் தொங்கினாலே போதும். நிலையம் கிடைக்காவிட்டாலும் "உஸ்" என்ற இரைச்சல் வந்தால் சந்தோஷப்படுங்கள். ஆம்ப்ளிஃபையர் உயிரோடு இருக்கிறது, குறை சிடி பிளேயரிலோ அதன் கேபிளிலோதான். ஒரு எச்சரிக்கை: பல ரிசீவர்களில் நிலையம் இல்லாத இடத்தில் இரைச்சலை அடக்கும் 'மியூட்டிங்' வசதி உண்டு. அதை அணைத்துவிட்டு, அல்லது மோனோவுக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள். இல்லாவிட்டால் நல்ல பெட்டியைச் செத்துவிட்டது என்று சொல்லிவிடுவீர்கள்.

ரிமோட்டில் இருக்கும் 'மியூட்' பொத்தானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் பாருங்கள்.

ஆயுத பூஜைக்குத் துடைத்து, பொட்டு வைத்தோம். மறுநாளிலிருந்து பாடவில்லை. எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி நடக்குமா?

ஊர் முழுக்க நடக்கும். ஆயுத பூஜை, போகி இரண்டுக்கும் அடுத்த நாட்களில்தான் எனக்கு அழைப்புகள் அதிகம். ஈரத்துணியோடு ஒரு கை ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் இடமிருந்து வலமாகப் போனால் குறைந்தது இரண்டு பொத்தான்களாவது அழுந்தும். அவற்றில் ஒன்று 'டேப் மானிட்டர்' என்றால் கதை முடிந்தது.

இந்தப் பொத்தான் எதற்கு என்று இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. கேசட் காலத்தில், பதிவாகிக்கொண்டிருக்கும் பாட்டு நாடாவில் எப்படி விழுகிறது என்று உடனுக்குடன் கேட்பதற்காக வைத்தது. அதை அழுத்தினால் ஆம்ப்ளிஃபையர் சிடி, ரேடியோ எதையும் நேராகக் கேட்காது; சிக்னலை டேப் டெக்குக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து திரும்பி வருவதை மட்டுமே கேட்கும். டெக்கோ பரணில் கிடக்கிறது. திரும்பி வருவது ஒன்றுமில்லை. ஆகவே எந்தப் பக்கம் திருப்பினாலும் மயான அமைதி. எஃப்எம்மும் வராது என்பதால் மேலே சொன்ன சோதனையையும் இது ஏமாற்றிவிடும்.

மயிலாப்பூரில் ஒரு வீடு. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் "ஐசி போய்விட்டது" என்று சொல்லி ஒரு தொகையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் போனபோது குடும்பமே கூடத்தில் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. ஒலியளவுக் குமிழின் நடுவில் சந்தனம் காய்ந்து வெடித்து, அதன்மேல் குங்குமம் ஒரு கோடாக வழிந்து, சரியாக அந்தப் பொத்தானின் இடுக்கில் போய் உறைந்திருந்தது. பொத்தான் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. பல்குத்தும் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டிவிட்டு ஒரு தட்டு தட்டினேன். 'டக்' என்று வெளியே வந்தது; அறை அதிர நாதஸ்வரம் கிளம்பியது. ஒலியளவை முழுக்கக் கூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டி சொம்பைக் கீழே போட்டுவிட்டார். அதனால்தான் எந்தப் பொத்தானை அழுத்துவதற்கும் முன் ஒலியளவைக் குறைக்கச் சொல்கிறேன்.

பொட்டு வைப்பதைத் தடுக்க நான் யார்? பெட்டியின் பக்கவாட்டில் வையுங்கள்.

ஹெட்ஃபோனில் கேட்கிறது; ஸ்பீக்கரில் மட்டும் இல்லை.

முதலில் முகப்பில் 'ஸ்பீக்கர்ஸ்' என்று எழுதிய சுவிட்சைப் பாருங்கள். ஏ, பி, ஏ-யும் பி-யும் சேர்ந்து, ஆஃப் என்று நான்கு நிலைகள் இருக்கும். வயர் ஏ-யில் மாட்டியிருக்க, சுவிட்ச் பி-யில் நின்றால் சத்தம் வராது. இதைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஒரு வீட்டில் அடை, அவியலோடு விருந்தே கிடைத்திருக்கிறது.

அது சரியாக இருந்தால், சந்தேகம் ஹெட்ஃபோன் துளையின் மேல்தான். பல பெட்டிகளில் ஹெட்ஃபோனைச் செருகியதும் உள்ளே ஒரு சிறு தகடு விலகி ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். எடுத்ததும் தகடு பழைய இடத்துக்கு வந்து தொட வேண்டும். அந்தத் தகட்டில் களிம்பு ஏறியிருந்தால் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஹெட்ஃபோன் பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். கரகரத்துக்கொண்டு சத்தம் எட்டிப் பார்த்தால் குற்றவாளி அதுதான்.

ஹெட்ஃபோனிலும் கேட்காவிட்டால் பார்க்க வேண்டியது இன்னொன்று: பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்ற துளைகளை இணைத்தபடி இரண்டு சிறிய உலோக வளைவுகள் இருக்கும். பார்ப்பதற்கு ஹேர்பின் போல. 'இது எதற்கு அனாவசியமாக' என்று யாராவது பிடுங்கி எறிந்திருந்தால் ஆம்ப்ளிஃபையரின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தொடர்பே இல்லை. ஹெட்ஃபோனும் சேர்ந்து ஊமையாகும். அந்த இடத்தில் ஒரு சிறிய ஆர்சிஏ கேபிள் (சிடி பிளேயருக்குப் போடும் சிவப்பு வெள்ளை பிளக் கேபிள்) போட்டாலும் வேலை செய்யும்.

விளக்கே எரியவில்லை.

அதே பிளக் பாயின்டில் ஒரு மேசை விளக்கை மாட்டிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டரின் பக்கத்தில் இருக்கும் சிறு பொத்தான் வெளியே துள்ளியிருந்தால் உள்ளே அழுத்துங்கள். அதற்குப் பிறகுதான் ஃபியூஸ்.

கண்ணாடி ஃபியூஸ் பல பெட்டிகளில் பின்புறம் திருகுமூடிக்குள் இருக்கும். உள்ளே கம்பி அறுந்திருந்தாலோ கண்ணாடி கறுத்திருந்தாலோ போய்விட்டது என்று பொருள். அறுந்து மட்டும் இருந்தால் ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம். கண்ணாடி உட்புறம் வெள்ளி பூசியதுபோலவோ கரியாகவோ இருந்தால் உள்ளே எங்கோ பெரிய ஷார்ட்; புது ஃபியூஸும் போகும். மாற்றும்போது அதே ஆம்பியர், அதே வகை. 'டி' என்று போட்டிருந்தால் மெதுவாக அறுகிற வகை. அதற்குப் பதிலாகச் சாதாரணமானதைப் போட்டால், சுவிட்சைப் போட்ட கணத்தில் பாயும் மின்சாரத்துக்கே போய்விடும். ஃபியூஸ் கிடைக்கவில்லை என்று செம்புக் கம்பியைச் சுற்றுகிற வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐந்து ரூபாய்ப் பொருள் போக வேண்டிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

சவுதியிலிருந்து மாமா 1985-இல் கொண்டுவந்த செட். பரணிலிருந்து இறக்கி மாட்டினோம். 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு சரி.

பின்புறத்தில் வோல்ட்டேஜ் தேர்வு சுவிட்ச் இருந்திருக்கும். நம் வீடுகளில் 230 வோல்ட். சவுதியில் அந்தக் காலத்தில் வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரம் வந்த இடங்கள் நிறைய. அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. குறைந்த நிலையில் சுவிட்சை வைத்து நம் ஊரில் மாட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பு மின்னழுத்தம் உள்ளே போகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் முந்திக்கொண்டிருக்கும். சுவிட்சை 220–240 பக்கம் நகர்த்தி, சரியான ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். கருகிய வாடை வந்திருந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம்.

தேர்வு சுவிட்சே இல்லாத அமெரிக்க, ஜப்பானியப் பெட்டிகளுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியே ஆக வேண்டும். பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் வாட்ஸுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள்.

முன்பெல்லாம் போட்டுச் சில நொடிகளில் உள்ளே 'டிக்' என்று கேட்கும். இப்போது கேட்பதில்லை, சத்தமும் இல்லை.

நல்ல காது உங்களுக்கு. அந்த 'டிக்' பாதுகாப்பு ரிலே என்கிற தானியங்கி சுவிட்சின் சத்தம். ஆம்ப்ளிஃபையர் முதலில் தன் உடம்பைத் தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று தோன்றினால்தான் ரிலேயை மூடி ஸ்பீக்கரை இணைக்கும். 'டிக்' வரவில்லை என்றால் எதையோ கண்டு பயந்திருக்கிறது.

எதைக் கண்டு என்று அறிய, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் வயர்கள் அனைத்தையும் கழற்றுங்கள். பிறகு வயர் எதுவும் இல்லாமல் சுவிட்சைப் போடுங்கள். இப்போது 'டிக்' கேட்டால் பெட்டி நலம், வயரிலோ ஸ்பீக்கரிலோதான் குறை. பெரும்பாலும் சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் நடுவே தலைமுடி போன்ற ஒற்றைச் செம்பு இழை நீட்டிக்கொண்டு இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். வயர் நுனியை நன்றாக முறுக்கி, தேவைக்கு மட்டும் உரித்து மாட்டுங்கள்.

வயர் இல்லாமலும் 'டிக்' இல்லையென்றால் உள்ளே ஸ்பீக்கர் முனைகளுக்கு நேர்மின்னோட்டம், அதாவது டிசி, கசிந்துகொண்டிருக்கலாம். பவர் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். இதற்கு மெக்கானிக்தான். ரிலேயைக் குறுக்கே இணைத்துவிட்டால் பாடும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். பாடாது, ஸ்பீக்கர் சுருள் எரியும்.

சில நிமிடம் பாடிவிட்டு நிற்கிறது, ஆற விட்டால் மறுபடி பாடுகிறது என்றால் அது சூடு. ஆம்ப்ளிஃபையரின் மேல்மூடியில் இருக்கும் துளைகளை நம் வீடுகளில் பூவேலை செய்த துணியால் மூடி, அதன்மேல் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் வைப்பது வழக்கம். இரண்டையும் டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள். மேலே நான்கு விரல் இடமாவது காற்றுக்கு வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் அதிகம்.

வலது பக்கம் பாடுகிறது, இடது பக்கம் இல்லை.

இது எல்லாவற்றிலும் எளிது. நல்ல பக்கம் ஒன்று ஒப்பிடுவதற்குக் கையில் இருக்கிறது.

பெட்டியை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டுங்கள். பிறகு போடுங்கள். முன்பு ஊமையாக இருந்த அதே ஸ்பீக்கர் இப்போதும் ஊமையா? குறை அந்த ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். மாறாக, அது பாடி மற்றது ஊமையானால் ஸ்பீக்கர்கள் குற்றமற்றவை. ஸ்பீக்கர் வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, அடுத்து சிடி பிளேயரிலிருந்து வரும் சிவப்பு வெள்ளை பிளக்குகளை ஆம்ப்ளிஃபையர் முனையில் மாற்றி மாட்டுங்கள். மௌனம் பக்கம் மாறினால் பிளேயர் அல்லது கேபிள். மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபையர்.

அப்படியே பேலன்ஸ் குமிழ் நடுவில்தான் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க முடியுமா?

சுவர்க் கடிகாரத்திலிருந்து 1.5 வோல்ட் பேட்டரியைக் கழற்றி எடுங்கள். ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு, அதன் இரு நுனிகளையும் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்று கேட்கும், பெரிய கூம்பு லேசாக முன்னாலோ பின்னாலோ அசையும். அசைந்தால் ஊஃபரும், அதாவது அந்தப் பெரிய கூம்பும், வயரும் சரி. தொட்டபடியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கீச்சொலிக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருப்பதால் அதைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஏழு என்றுதான் காட்டும். பயப்பட வேண்டாம், அது இயல்பு. எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது அல்லது வயர் துண்டாகியிருக்கிறது. எலி கடித்த வயரை நான் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். வெளி உறை அப்படியே இருக்கும், சோபாவுக்குப் பின்னால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பல் பதிந்திருக்கும்.

குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது. சில இடங்களில் சத்தம் வருகிறது, சில இடங்களில் வருவதில்லை. தட்டினால் பாடுகிறது.

நீங்கள் பெசன்ட் நகரா, சாந்தோமா, எண்ணூரா? எங்கே என்றாலும் கடலைப் பார்த்துக் கிழக்கு ஜன்னல் திறந்திருக்கும் வீடு என்று நினைக்கிறேன்.

மாலையில் அடிக்கிற காற்று நமக்குச் சுகம். அது கொண்டுவரும் உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பி வருடா வருடம் பெயின்ட் கேட்கிறது, பித்தளைத் தாழ்ப்பாள் பச்சை பூக்கிறது. ஆம்ப்ளிஃபையருக்குள் மட்டும் அது போகாமலா இருக்கும்? ஸ்பீக்கர் வயரின் உறையை உரித்துப் பாருங்கள். புதிதில் பொன்னாக இருந்த செம்பு, நுனியில் கறுத்து, உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பூஜைப் பாத்திரம் என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். இங்கே அது நடக்காது. நுனியை இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் செம்பு வரும்வரை புதிதாக உரித்து மாட்டுங்கள். ஆர்சிஏ பிளக்குகளை இறுக்கிப் பிடித்து இருபக்கமும் நாலு சுற்றுச் சுற்றினாலே மேலே படிந்த அழுக்குத் தேய்ந்து பல நேரம் சத்தம் வந்துவிடும்.

குமிழுக்கும் பொத்தான்களுக்கும் மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே வேண்டும். பிளக்கைப் பிடுங்குங்கள். முகப்பில் இருக்கும் குமிழை இழுத்தால் பல பெட்டிகளில் கழன்று வரும். ஆனால் மருந்து போக வேண்டியது அதன் தண்டில் அல்ல, பின்னால் பானைமூடி போல் இருக்கும் கன்ட்ரோலின் சிறு துவாரத்துக்குள். அதற்கு மேல்மூடியைக் கழற்ற வேண்டும், அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு சிறு பீச்சு. பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது முறை திருப்புங்கள். ஒரு மணி நேரம் உலர விட்டு மாட்டுங்கள். டேப் மானிட்டர், ஸ்பீக்கர் சுவிட்ச், தேர்வுக் குமிழ் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

தையல் இயந்திர எண்ணெய், துரு விடுவிக்கும் ஸ்பிரே இவற்றை விடாதீர்கள். அன்றைக்குப் பாடும். எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டி, ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகக் கரகரக்கும். இதைச் செய்தவன் நான்தான், வேறு யாரையும் சொல்லவில்லை.

உப்புக்காற்றுக்கு இன்னொரு மருந்தும் உண்டு. அடிக்கடி போட்டுக் கேளுங்கள். உள்ளே உண்டாகும் மிதமான சூடு ஈரத்தை விரட்டும். குமிழும் சுவிட்சும் அசைந்தபடி இருந்தால் களிம்பு நிலைக்காது. வருடத்தில் மார்கழியில் மட்டும் கச்சேரி கேட்கிற வீடுகளில்தான் அதிகம் ஊமையாகிறது.

இசைத்தட்டு பிளேயரை 'ஆக்ஸ்' துளையில் மாட்டினேன். கொசு பாடுவதுபோல் இருக்கிறது.

ஊசி முனையிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. வழக்கமான 'மூவிங் மேக்னட்' வகை ஊசியில் சில மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது ஏறக்குறைய 2 வோல்ட். அதாவது ஐந்நூறில் ஒரு பங்குபோல. போதாக்குறைக்கு, இசைத்தட்டில் வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் கீச்சொலிகளைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் பகுதி 'ஃபோனோ' என்று எழுதிய துளைக்குப் பின்னால் மட்டுமே இருக்கிறது. உங்கள் ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ இல்லையென்றால் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்று வாங்கி நடுவில் போடுங்கள். சிடி பிளேயரைத் தப்பித்தவறி ஃபோனோவில் மாட்டிவிடாதீர்கள், அலறும்.

புது டிவியை ஆப்டிக்கல் கேபிளால் இணைத்தோம். சினிமாவுக்குச் சத்தமில்லை, சில சேனல்களுக்கு மட்டும் வருகிறது.

டிவியின் ஒலி அமைப்புகளுக்குள் போய் 'டிஜிட்டல் அவுட்புட்' என்பதை 'பிசிஎம்' (சுருக்காத, சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். இப்போது அது டால்பி வடிவில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் இரண்டு சேனல் பெட்டிக்கு அந்த மொழி தெரியாது. கேபிளின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா, முனையில் இருக்கும் பிளாஸ்டிக் குல்லாயைக் கழற்றினீர்களா என்பதையும் பாருங்கள்.

எச்டிஎம்ஐ என்றால், டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதிய, டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் துளையில் மட்டுமே மாட்ட வேண்டும். அதோடு ஒரு கருவி மற்றொன்றோடு பேசிக்கொள்ளும் 'சிஇசி' என்ற வசதியையும் இரண்டு பக்கத்திலும் இயக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு செல்லப் பெயர் வைத்திருப்பது நம் பொறுமையைச் சோதிக்கத்தான்.

ப்ளூடூத் இணைந்துவிட்டது என்று செல்போன் சொல்கிறது. ஆனால் சத்தமில்லை.

எதனோடு இணைந்தது என்று படித்தீர்களா? எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் விடிகாலையில் பக்திப் பாடலைப் போட்டுவிட்டு, கேட்கவில்லையே என்று கூட்டிக்கொண்டே போனார். பாடியது மேல்மாடி வீட்டு சவுண்ட்பார். அவர்கள் ராத்திரி வேலை முடித்துவிட்டு அப்போதுதான் படுத்திருந்தார்கள். பட்டியலில் சரியான பெயரைத் தேர்ந்தெடுங்கள். செல்போனின் ஒலியளவும் ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவும் தனித்தனி என்பதையும் நினைவில் வையுங்கள். ஆம்ப்ளிஃபையரின் தேர்வுக் குமிழ் ப்ளூடூத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

வெள்ளத்தில் நனைந்த செட். காய்ந்துவிட்டது. போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீட்டுக்குள் வந்தது மழைத்தண்ணீர் மட்டும் அல்ல. சாக்கடையும் சேறும் கலந்த தண்ணீர். வெளியே காய்ந்திருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் ஈரம் நிற்கும், சர்க்யூட் பலகையில் மின்சாரம் கடத்தும் படிவு இருக்கும். ஒரு முறை போட்டுப் பார்க்கும் ஆசையில்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய பெட்டிகள் பல புகைந்தன. திறந்து கழுவி, உலர்த்தி, சோதிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஸ்பீக்கர் பெட்டி மரத்தூள் பலகையாக இருந்து அடிப்பகுதி அப்பம்போல் உப்பியிருந்தால் ஸ்பீக்கரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பெட்டியை மறந்துவிடலாம்.

நானே திறக்கலாமா?

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, குறைந்தது அரை மணி நேரம் விட்டுத் திறக்கலாம். தூசி தட்டலாம், குமிழுக்கு மருந்து அடிக்கலாம். பெரிய உருளை கெப்பாசிட்டர்கள் மின்சாரம் போன பிறகும் சேமிப்பை வைத்திருக்கும். அவற்றின் அடிப்பக்கத்தில் விரலோ ஸ்க்ரூடிரைவரோ படக்கூடாது. வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் திறக்கவே வேண்டாம்; உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

திறந்தால் என்னவெல்லாம் கிடைக்கும் என்று கேட்காதீர்கள். வெதுவெதுப்பான இடம் என்பதால் கரப்பானும் பல்லியும் குடித்தனம் வந்துவிடும். ஒரு பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பல்லி முட்டைகள், பட்டாணிபோல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மூன்று அங்குலம் தள்ளி அம்மாப் பல்லி, ஃபியூஸ் முனைகளின் குறுக்கே, காய்ந்து. சத்தம் ஏன் வரவில்லை என்று அந்த வீட்டில் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், பலகையில் எங்காவது கறுத்திருந்தால், மூடியை மறுபடி போட்டுவிடுங்கள்.

சரி, மெக்கானிக்தான் என்று முடிவாகிவிட்டது. எங்கே போவது, என்ன சொல்வது?

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும்தான் இன்றும் தலைமைப் பீடம். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். கார் கொண்டுபோனால் நிறுத்த இடம் தேடுவதற்குள் பாட்டுக் கேட்கும் ஆசையே போய்விடும். ஃபியூஸ், ரிலே, பிளக், ஸ்பிரே, மல்டிமீட்டர் எல்லாம் அங்கே கிடைக்கும்.

"ரிப்பேர்" என்று மட்டும் சொல்லிப் பெட்டியை வைத்துவிட்டு வராதீர்கள். "ஹெட்ஃபோனில் இடது பக்கம் மட்டும் இல்லை, கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டேன், ரிலே டிக் கேட்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்; கேட்டதாலேயே சில பாகங்கள் மாற்ற வேண்டாமலே போகும்.

எல்லாம் சரியாகிவிட்டது, பாடுகிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே மாட்டேன் என்கிறது. பாடகர் எங்கோ சுவருக்குள்ளிருந்து பாடுகிறார்.

ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போய், தாழ்ந்த ஒலியை ஒன்றுக்கொன்று அழித்துக்கொள்கின்றன. பெட்டியை அணையுங்கள், ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு வயரையும் மாற்றி மாட்டுங்கள். தொப்பி திரும்பி வந்துவிடும்.